ஜிசிஎஸ்இயில் 9 வாங்கிய பையன், ஏ லெவல் முதல் டெஸ்டில் இ. சிக்ஸ்த் ஃபார்ம் பெற்றோர் யாராவது வாருங்கள்

கறிவேப்பிலை (ஹாரோ, லண்டன்)
8 அக்டோபர் 2025, இரவு 10:52

தலைப்பிலேயே சொல்லிவிட்டேன். மூத்தவன் போன மாதம் சிக்ஸ்த் ஃபார்ம் சேர்ந்தான், நம்ம ஊர் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி இரண்டு வருட ஏ லெவல் படிப்பு. கெமிஸ்ட்ரி, பயாலஜி, மேத்ஸ். ஆகஸ்ட் 21 அன்று ஜிசிஎஸ்இ (பதினாறு வயதுப் பொதுத்தேர்வு) ரிசல்ட் வந்தபோது கெமிஸ்ட்ரியில் 9 (அதுதான் உச்சம்), மற்ற இரண்டிலும் 8. திருச்சியில் அவன் தாத்தா தெருவுக்கே ஜாங்கிரி கொடுத்தார். இன்று மதியம் பள்ளி ஆப்பில் ஓர் அறிவிப்பு. கெமிஸ்ட்ரி முதல் டெஸ்ட், 50க்கு 17. கிரேடு இ, பாஸிலேயே கடைசி.

நான் பார்த்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரியும். சாயங்காலம் வந்தான், ஷூவைக் கழற்றினான், மாடிக்குப் போனான். சாப்பிடக் கூப்பிட்டதற்கு "பசிக்கல" என்றான். இப்போது கதவு மூடியிருக்கிறது.

நான் திருச்சியில் பிளஸ் டூ படித்தவள். ஆறு பாடம், காலையிலிருந்து சாயங்காலம் வரை வகுப்பு, அதற்கு மேல் ஸ்பெஷல் கிளாஸ். இவனுக்கு மூன்றே பாடம். ஒரு நாளைக்கு இரண்டு பீரியட் 'ஃப்ரீ' என்கிறான். வெள்ளிக்கிழமை 12 மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறான். இது படிப்பா, விடுமுறையா? படித்த பள்ளியில் சிக்ஸ்த் ஃபார்ம் இல்லாததால் இது புது இடம். பழைய நண்பர்கள் ஆளுக்கொரு காலேஜுக்குப் போய்விட்டார்கள்.

டியூஷன் போடலாமா? பள்ளிக்கு மெயில் எழுதலாமா? பேசாமல் விட்டுவிடலாமா? வீட்டுக்காரர் பேசாமல் விடு என்கிறார். பாய்லர் ஒழுகியபோதும் அவர் அதையேதான் சொன்னார்.


வல்லைவெளி (ஈஸ்ட் ஹாம்)
8 அக்டோபர் 2025, இரவு 11:31

தங்கச்சி, யோசிக்க வேண்டாம், உடனே ரியூசன் போடுங்கோ. என் மகள் இப்போது இயர் 13, சிக்ஸ்த் ஃபார்ம் இரண்டாம் வருடம். அவளுக்கும் போன வருடம் இதே அக்டோபரில் இரசாயனவியலில் டி வந்தது. அடுத்த சனிக்கிழமையே ஆள் பிடித்தேன், மணிக்கு 40 பவுண். இப்போது ஏ எடுக்கிறாள்.

இங்கத்தைய பள்ளிக்கூடங்களில் பிள்ளையை 'நீ இப்போது பெரிய ஆள்' என்று சொல்லிக் கையை விட்டுவிடுகிறார்கள். பதினாறு வயது பெரிய ஆளோ? நான் 90களில் யாழ்ப்பாணம் வடமராட்சியில் ஏ/எல் எடுத்தவன். தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். கரண்ட் இல்லை, ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். அப்போதும் ரியூசனுக்குப் போகாத பிள்ளை என்று எங்கள் ஊரில் ஒருத்தரும் இல்லை. (இந்தக் கதையை மகளுக்குச் சொல்லிச் சொல்லி, இப்போது நான் 'ஜாம்' என்று வாயெடுத்தாலே எழும்பிப் போய்விடுகிறாள்.)

பிள்ளை மெடிசினுக்கோ?


சோதனைக்குழாய்
9 அக்டோபர் 2025, காலை 6:48

நான் ஒரு சிக்ஸ்த் ஃபார்ம் காலேஜில் கெமிஸ்ட்ரி எடுக்கிறேன், 14 வருடமாக. ஒவ்வோர் அக்டோபரிலும் இதே மெயில் எனக்கு வரும். பிள்ளையின் பெயர் மட்டும்தான் மாறியிருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் டெஸ்ட் மோல் கணக்கில்தான் (பொருளின் அளவை மோல் என்ற அலகில் எண்ணுவது) இருந்திருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். ஜிசிஎஸ்இயில் அந்தக் கணக்கைத் துண்டு துண்டாக உடைத்துக் கொடுப்பார்கள். முதலில் மோல் கண்டுபிடி, அப்புறம் விகிதம் பார், அப்புறம் நிறையைச் சொல் என்று கையைப் பிடித்து அழைத்துப் போவார்கள். ஏ லெவலில் ஒரே பத்திதான். இவ்வளவு கிராம் உப்பைக் கரைத்து 250 கன சென்டிமீட்டர் ஆக்கினார்கள், அதில் 25 எடுத்து அமிலத்தோடு டைட்ரேட் செய்தார்கள், உப்பில் எத்தனை நீர் மூலக்கூறு? ஆறு மார்க். எங்கே தொடங்குவது என்று கண்டுபிடிப்பதே பாதிக் கேள்வி. நல்ல ஞாபகசக்தியால் 9 வாங்கிய பிள்ளைதான் இங்கே முதலில் விழும். 6, 7 வாங்கித் திக்கித் திணறி வந்த பிள்ளைக்கு விழுந்து எழுந்த பழக்கம் ஏற்கெனவே இருக்கும். உங்கள் மகனுக்கு அனேகமாக வாழ்க்கையில் இதுதான் முதல் இ. அவனுக்கு வேதியியலைவிட அதுதான் பெரிய சிக்கல்.

மேத்ஸிலும் இதே கதைதான் நடக்கும், கொஞ்சம் தள்ளி. ஜிசிஎஸ்இ உயர்நிலைத் தாளில் 7 வாங்குவதற்கு அல்ஜீப்ரா ஆட்டம் கண்டிருந்தாலும் பரவாயில்லை. ஏ லெவல் முதல் மாதமே சர்ட்ஸ் (வர்க்கமூலம் கலந்த எண்கள்), இருபடிச் சமன்பாடு, சமனின்மை என்று முழுக்க அல்ஜீப்ராதான்.

இப்போது ஃப்ரீ பீரியட். ஒரு பாடத்துக்கு வாரம் நாலரை, ஐந்து மணி நேரம் வகுப்பு. மூன்றும் சேர்ந்தால் 15 பக்கம். வகுப்பில் எவ்வளவு நேரமோ ஏறக்குறைய அவ்வளவு நேரம் வெளியிலும் படிக்க வேண்டும் என்றுதான் நாங்கள் சொல்வோம். அதற்குத்தான் அந்த இடைவெளி. ஆனால் பதினொரு வருடம் மணி அடித்தால் எழுந்து அடுத்த வகுப்புக்குப் போன பிள்ளை, திடீரென்று காலி மணி நேரத்தைப் பார்த்தால் என்ன செய்யும்? முதல் மாதம் கேன்டீனில் உட்காரும். எல்லாப் பிள்ளைகளும் உட்காரும்.

இந்த 17 எந்தக் கணக்கிலும் சேராது. 2015இல் தொடங்கிய மாற்றத்துக்குப் பிறகு முதல் வருட மார்க் ஏ லெவலோடு கூட்டப்படுவதில்லை, எல்லாத் தாளும் இரண்டாம் வருட முடிவில்தான். இயர் 12 முடிவில் நாங்கள் வைக்கும் பரீட்சையைப் பார்த்துத்தான் பெரும்பாலும் ப்ரெடிக்டட் கிரேடு (எதிர்பார்க்கும் கிரேடு) போடுவோம். பல்கலைக்கழகத்துக்குப் போடும் யூகாஸ் விண்ணப்பத்தில் அதுதான் போகும். அதற்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

அவனிடம் மார்க் பற்றிக் கேட்காதீர்கள். போன 33 மார்க் எங்கெங்கே போனது என்று அவனே விடைத்தாளில் குறித்துப் பார்த்தானா, அது போதும். தெரியாமல் போனதா, தெரிந்தும் தொடங்கத் தெரியாமல் போனதா, அலகை மாற்ற மறந்ததா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. அதைப் பார்க்காமல் டியூஷன் போடுவது, எங்கே வலி என்று கேட்காமல் மாத்திரை கொடுப்பது.

என் ஸ்டாப் வந்துவிட்டது.


மலைக்கோட்டை
9 அக்டோபர் 2025, காலை 9:15

திருச்சிக்காரர் என்றதும் எட்டிப் பார்த்தேன். யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். அந்த மூன்று பாடத்தை யார் தேர்ந்தெடுத்தது? கெமிஸ்ட்ரி, பயாலஜி, மேத்ஸ் என்பது பிசிக்ஸ் மட்டும் விட்டுப்போன நம்ம ஊர் பயோ-மேத்ஸ் குரூப்பேதான். ஹீத்ரோவில் இறங்கும்போதே பெட்டியில் போட்டு எடுத்து வந்திருக்கிறோம்.

என் பையன் டி லெவல் என்ற தொழில்நுட்பப் படிப்பு செய்கிறான், டிஜிட்டல் பக்கம். மூன்று ஏ லெவலுக்குச் சமமாகத்தான் வைத்திருக்கிறார்கள், குறைந்தது 315 மணி நேரம் ஒரு நிறுவனத்தில் வேலைப் பயிற்சியும் உண்டு. கோயிலில் பார்க்கிறவர்கள் "ஏ லெவல் கிடைக்கலையா?" என்று என்னிடம் துக்கம் விசாரிக்கிறார்கள். இங்கிலாந்தில் 18 வயது வரை படிப்போ பயிற்சியோ ஏதோ ஒன்றில் இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். அது ஏ லெவல்தான் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.


ரயில்நேரம்
9 அக்டோபர் 2025, மதியம் 1:04

படிப்பைப் பற்றிப் பெரியவர்கள் பேசுங்கள், நான் காசு பக்கம் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். பிள்ளைக்கு 16 முடிந்ததும் வருகிற ஆகஸ்ட் 31க்குள், அவன் தொடர்ந்து படிக்கிறான் என்று எச்எம்ஆர்சி என்ற வரித்துறைக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிள்ளைக்காக அரசு தரும் சைல்ட் பெனிஃபிட் நின்றுவிடும். மூத்த பிள்ளைக்கு இந்த 2025-26 வருடம் வாரம் 26 பவுண்டு 5 பென்ஸ். கடிதம் அனுப்புவார்கள். நான் அதைப் பீட்சா விளம்பரத்தோடு சேர்த்துத் தூக்கிப் போட்டவன், அதனால் சொல்கிறேன். ஆன்லைனிலேயே சொல்லிவிடலாம்.

லண்டனில் இருப்பவர்கள் 16+ ஸிப் ஆய்ஸ்டர் பயண அட்டை புதிதாக வாங்க வேண்டும், பழைய 11-15 அட்டை செல்லாது. பஸ், டிராம் இலவசம். வருமானம் குறைவான குடும்பம் என்றால் பள்ளியிலேயே 16-19 பர்சரி என்ற உதவித்தொகை கேட்டுப் பாருங்கள். புத்தகம், பயணம் போன்றவற்றுக்குக் கொடுப்பார்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். யாருக்கு எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் பள்ளியே முடிவு செய்யும்.


கறிவேப்பிலை
9 அக்டோபர் 2025, இரவு 9:40

ஐயோ, சைல்ட் பெனிஃபிட்! வங்கிக் கணக்கைப் பார்த்தேன். செப்டம்பரிலேயே நின்றிருக்கிறது. நல்ல வேளை சொன்னீர்கள்.

இப்போது அசிங்கமான விஷயம். சோதனைக்குழாய் டீச்சர் எழுதியதைக் காலையில் படித்தேன். விடைத்தாளை அவன் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தீர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் குளிக்கப் போனதும் பையைத் திறந்து தேடினேன். மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவாக்கி அடியில் வைத்திருந்தான். எடுத்துப் பிரிக்கும்போது பின்னால் நிற்கிறான்.

கத்தினான். பதினாறு வருடத்தில் அவன் என்னிடம் அப்படிக் கத்தியதில்லை. "யூ டோன்ட் ட்ரஸ்ட் மீ" என்று சொல்லிவிட்டு, தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். நான் அடுப்படியில் நின்று அழுதேன். சாம்பாரில் உப்பு போட்டேனா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

தாளில் பார்த்தவரை மோல் கணக்குதான். பந்தயத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

மலைக்கோட்டை சார், பாடத்தை அவன்தான் தேர்ந்தெடுத்தான். ஆனால் அந்தப் படிவத்தை நிரப்பும்போது நானும் பக்கத்தில் நின்றேன். மெடிசின் என்று நாங்கள் சொன்னதே இல்லை என்று எழுத நினைத்தேன், அது பொய். தாத்தா வாரா வாரம் "டாக்டர் தம்பி" என்றுதான் கூப்பிடுகிறார்.


வல்லைவெளி
9 அக்டோபர் 2025, இரவு 10:22

அழாதேங்கோ தங்கச்சி. நானும் போனை எடுத்துப் பார்த்துப் பிடிபட்டிருக்கிறேன். ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு காசு தேவைப்பட்டபோது கதைத்தாள்.

ஆனால் டீச்சருக்கு ஒரு கேள்வி. வலி எங்கே என்று பார்த்துத்தான் மருந்து என்கிறீர்கள், சரி. பிள்ளை கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தால் யார் பார்ப்பது? ரியூசன் மாஸ்டர் வெளி ஆள், அவருக்கு முன்னால் பிள்ளைக்கு ரோசம் இல்லை. அம்மா அப்பாவுக்குக் காட்டாத தாளை அவருக்குக் காட்டும். நான் அதற்குத்தான் காசு கொடுக்கிறேன்.


சோதனைக்குழாய்
10 அக்டோபர் 2025, காலை 6:51

வல்லைவெளி அண்ணா, நல்ல கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். சில பிள்ளைகளுக்கு அந்த வெளி ஆள் நிஜமாகவே தேவை.

என் பயம் வேறு. வாரம் நான்கு நாள் டியூஷனுக்குப் போகிற பிள்ளைகள் எனக்கு உண்டு. வகுப்பில் கவனிக்க மாட்டார்கள், சனிக்கிழமை சார் சொல்லித்தருவார் என்று விட்டுவிடுவார்கள். கஷ்டமான கேள்வியோடு இருபது நிமிடம் மல்லுக்கட்டும் பழக்கமே வராது. ஐந்தாம் நிமிடத்தில் யாராவது அடுத்த வரியை எழுதிக் காட்டிவிடுவார்கள். அப்படிப் போன ஒரு பெண், பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் முடிவதற்குள் எனக்கு மெயில் போட்டாள், மிஸ், இங்கே டியூஷனே இல்லை என்று.

கறிவேப்பிலை, முதலில் பள்ளியில் என்ன உதவி இருக்கிறது என்று பாருங்கள், அனேகமாகப் பாடச் சந்தேகம் தீர்க்கிற ஒரு கிளினிக் வைத்திருப்பார்கள். காசு கிடையாது. ஆனால் முதலில் மன்னிப்புக் கேளுங்கள். "உன் நல்லதுக்குத்தான்" என்ற வாலை அதோடு ஒட்டாமல் கேளுங்கள்.


ரெண்டாம்வருஷம்
11 அக்டோபர் 2025, நள்ளிரவு 12:37

ஹாய் ஆன்டி, அங்கிள். நான் பெற்றோர் இல்லை, 19 வயது, யூனியில் ரெண்டாம் வருஷம். நியூ மால்டனில் வளர்ந்தேன். தமிழ் எழுத்து சுமார்தான், அம்மா திருத்தித் தந்தார்.

எனக்கு இயர் 12இல் முதல் மேத்ஸ் டெஸ்ட் யூ. யூ என்றால் கிரேடே இல்லை என்று அர்த்தம். அம்மா திட்டவே இல்லை. ஆனால் வீட்டில் எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள், யாரோ செத்துப்போன மாதிரி. தம்பிக்குக்கூட டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள். அது திட்டைவிட மோசம். (இதைத் திருத்தும்போது அம்மா "நான் அப்படிச் செய்யவே இல்லை" என்கிறார். செய்தீர்கள் அம்மா.)

இன்னொன்று. புது இடத்தில் முதல் மாதம் படிப்பு எல்லாம் ரெண்டாவது கவலை. லஞ்ச் யாரோடு சாப்பிடுவது என்பதுதான் முதல் கவலை. ஏற்கெனவே அங்கே படித்தவர்கள் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். நான் மூன்று வாரம் பள்ளிக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து சாப்பிட்டேன். லெமன் ரைஸ். வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு இப்போதுதான் தெரிகிறது, திருத்துவதை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருக்கிறார்.

அதனால் 17 மார்க் என்றால் 17 மார்க் மட்டும் என்று நினைக்காதீர்கள்.


கறிவேப்பிலை
11 அக்டோபர் 2025, காலை 7:20

கண்ணு, உன் அம்மாவைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன் என்று சொல்.


ஒற்றைத்தேநீர்
13 அக்டோபர் 2025, மாலை 5:30

இங்கே எல்லாரும் 8, 9 என்று பேசும்போது எழுதவே கூச்சமாக இருந்தது. என் மகள் ஜிசிஎஸ்இ மேத்ஸில் 3. காலேஜில் சேர்ந்துவிட்டாள், ஹெல்த் அண்ட் சோஷியல் கேர் படிக்கிறாள், ஆனால் 4 கிடைக்கும்வரை மேத்ஸையும் சேர்த்துப் படித்தாக வேண்டும். நவம்பரில் ரீசிட், மறுபரீட்சை. "நான் முட்டாள்" என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்கிறாள். யாராவது இந்த வழியாகப் போயிருக்கிறீர்களா?


மலைக்கோட்டை
13 அக்டோபர் 2025, மாலை 6:12

என் பையன் போன வழிதான். 3, நவம்பரில் மறுபடியும் 3, ஜூனில் 4. நான் செய்த ஒரே உருப்படியான காரியம், தினமும் இரவு ஒரே ஒரு கேள்வி, நானும் அவனும் தனித்தனித் தாளில் போடுவோம். பாதி நாள் எனக்குத்தான் தப்பாக வரும். பின்னத்தில் நான் செய்த கூத்தைப் பார்த்து அவனுக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கப்புறம்தான் அவனுக்கு அந்தப் பாடத்தின் மேலிருந்த பயம் போனது. நவம்பரில் கிடைக்காவிட்டால் கோடையில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது என்று இப்போதே மகளிடம் சொல்லிவையுங்கள்.


ஒற்றைத்தேநீர்
13 அக்டோபர் 2025, இரவு 8:01

இன்றிரவே தொடங்குகிறேன். எனக்கு நிஜமாகவே பின்னம் தெரியாது, நடிக்க வேண்டியதில்லை.


வல்லைவெளி
15 அக்டோபர் 2025, இரவு 7:15

மகளின் யூகாஸ் போய்விட்டது! இன்று மாலை 6 மணிதான் மருத்துவம், பல் மருத்துவம், ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் கடைசி நேரம். விண்ணப்பிக்கிற ஐந்து இடத்தில் மருத்துவம் நான்குக்குத்தான் போடலாம், ஐந்தாவது எதற்கு என்பதில் வீட்டில் மூன்று கிழமை சண்டை. முந்தி மாதிரி ஒரே கட்டுரையும் இல்லை, இந்த வருடத்திலிருந்து பர்சனல் ஸ்டேட்மென்ட் மூன்று கேள்வியாக மாறிவிட்டது. எனக்கு வாசிக்கத் தரவில்லை. மனைவிக்குத் தந்திருக்கிறாள்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், இயர் 12 என்பது கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். மெடிசினுக்கான யூகேட் நுழைவுச் சோதனை ஜூலையிலேயே தொடங்கிவிடுகிறது. மெடிசின் என்றால் இரசாயனவியலை மட்டும் அவசரப்பட்டு விட்டுவிடாதேங்கோ தங்கச்சி, பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் அதைக் கேட்கும்.


கறிவேப்பிலை
21 அக்டோபர் 2025, இரவு 11:10

தீபாவளி முடிந்தது. நேற்று திங்கட்கிழமை, பள்ளி உண்டு. சாயங்காலம் நாலைந்து குடும்பம் வீட்டுக்கு வந்தது. வழக்கம்போல அதிரசத்தைக் கையில் எடுத்ததுமே ஒரு அக்கா, "ஜிசிஎஸ்இல எத்தனை 9 தம்பி?" என்றார். அடுத்தவர் "ஏ லெவல் எப்படிப் போகுது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே "முதல் டெஸ்ட்ல இ ஆன்டி" என்றான், மிக்சர் எடுத்துக்கொண்டே. ஒரு நொடி யாரும் பேசவில்லை. அப்புறம் அந்த அக்காவே, "என் பொண்ணுக்கும் அப்படித்தான் வந்துச்சு, நாங்க வெளியே சொல்லல" என்றார். அடுத்த அரை மணி நேரம் எங்கள் வீட்டு ஹாலில் எல்லாப் பிள்ளைகளின் பழைய மார்க்கும் வெளியே வந்தது. நான் இதுவரை பார்த்த தீபாவளியிலேயே வினோதமான தீபாவளி இதுதான்.

எல்லாரும் போனபின் தோசை சுட்டேன். பையைத் திறந்ததற்குப் போன வாரமே மன்னிப்புக் கேட்டிருந்தேன், டீச்சர் சொன்னபடி வால் இல்லாமல். அதற்கு "ஓகே" என்று மட்டும் சொல்லியிருந்தான். நேற்று அடுத்த தோசைக்காகத் தட்டோடு என் முதுகுப் பக்கம் நின்றான். நான் திரும்பவில்லை, கல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது தோசையில் பேச ஆரம்பித்தான்.

பள்ளியில் கெமிஸ்ட்ரி கிளினிக் இருக்கிறது. புதன்கிழமை மதிய இடைவேளையில். அவன் ஒருமுறைகூடப் போனதில்லை. ஏன் தெரியுமா? புதன் மதியம்தான் ஃபுட்பால். இரண்டாம் வாரத்தில் ஒரு பையன் ஆள் குறைகிறது என்று இவனைக் கூப்பிட்டிருக்கிறான். அதற்கு முன் இவன் மதியம் முழுக்கத் தனியாக இருந்திருக்கிறான். "ஐ கான்ட் நாட் கோ, அம்மா. தே'ல் கெட் சம்ஒன் எல்ஸ்." ஃபுட்பாலுக்குப் போகாவிட்டால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார்களாம்.

நேற்றைக்கு மூன்று வாரம் முன்னால் இதைக் கேட்டிருந்தால் "ஃபுட்பாலா, படிப்பா?" என்று குதித்திருப்பேன். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து சாப்பிட்ட அந்தப் பெண்ணின் லெமன் ரைஸ்தான் ஞாபகம் வந்தது. ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது தோசையைப் போட்டேன்.

கிளினிக்கும் வேண்டும், பந்தும் வேண்டும். என்ன செய்வது டீச்சர்?


சோதனைக்குழாய்
22 அக்டோபர் 2025, காலை 6:50

இவ்வளவுதானா! அவனுக்கு ஃப்ரீ பீரியட் பத்து இருக்கிறது, அந்த ஆசிரியருக்கும் வகுப்பில்லாத நேரம் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகிற ஒரு நேரம் கண்டிப்பாகக் கிடைக்கும். அவனையே மெயில் போடச் சொல்லுங்கள். நீங்கள் போடாதீர்கள். பெற்றோர் மெயில் வந்தால் நாங்கள் ஹெட் ஆஃப் சிக்ஸ்த் ஃபார்முக்கு நகல் வைத்து, அளந்து அளந்து பதில் எழுதுவோம். பையன் மெயில் போட்டால் "வியாழன் மூன்றாம் பீரியட் வா" என்று ஒரே வரியில் முடிந்துவிடும்.

எழுதும்போது 'எனக்குப் புரியவில்லை' என்று மட்டும் எழுத வேண்டாம். எந்தக் கேள்வி, எந்த வரிவரை வந்தான் என்று எழுதட்டும். அப்படி எழுதுகிற பிள்ளையை எந்த ஆசிரியரும் திருப்பி அனுப்ப மாட்டார்.

பாடம் மாற்ற நினைத்தால் தேதியைக் கேட்டுவையுங்கள். பள்ளிக்குப் பள்ளி வேறு, பல இடங்களில் அரைப்பருவ விடுமுறையோடு கதவு மூடிவிடும். 27ஆம் தேதி விடுமுறை தொடங்குகிறது, ஞாபகம் இருக்கட்டும்.


மலைக்கோட்டை
22 அக்டோபர் 2025, காலை 10:08

மாற்றுகிறாயா என்று அவனைக் கேட்டீர்களா? நீங்கள் கேட்காமல் அவன் சொல்ல மாட்டான். 'டாக்டர் தம்பி' காதில் விழுந்துகொண்டே இருக்கிறதே.


கறிவேப்பிலை
23 அக்டோபர் 2025, இரவு 10:30

கேட்டேன் சார். கேட்பதற்கு முன் மொட்டை மாடியிலிருந்து குதிக்கப் போகிறவள் மாதிரி இருந்தது எனக்கு. "கெமிஸ்ட்ரி வேண்டாமென்றால் பரவாயில்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தான். "கெமிஸ்ட்ரி பிடிக்கும். பயாலஜிதான் போர்" என்றான். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை! பயாலஜியை விட்டுவிடுகிறாயா என்றதற்கு, "தெரியல, ஜூன் வரைக்கும் பார்க்கிறேன்" என்றான். ஜூனில் மாற்ற முடியாது என்று சொன்னேன். "தெரியும். அதுவரைக்கும் முடிவு எடுக்க வேண்டாம்னு சொல்றேன்" என்றான். இதில் ஏதோ தர்க்கம் இருக்கிறது, எனக்குத்தான் பிடிபடவில்லை.

தாத்தாவிடம் வீட்டுக்காரர் பேசிவிட்டார். இனிமேல் வெறும் "தம்பி"தானாம். பாய்லர் விஷயத்தில் இவரைப் பற்றிச் சொன்னதைக் கொஞ்சம் திரும்பப் பெறுகிறேன்.

மெயிலை அவனே போட்டான். பதில் வந்ததா என்று நான் கேட்கவில்லை, கேட்காமல் இருப்பதற்கு வாயில் துணியைத் திணிக்க வேண்டியிருந்தது.


வல்லைவெளி
24 அக்டோபர் 2025, இரவு 9:18

எல்லாரும் சேர்ந்து என் ரியூசன் யோசனையைத் தோற்கடித்துவிட்டீர்கள். சரி, இருக்கட்டும். ஆனால் மகள் நேற்று ஒன்று சொன்னாள். ரியூசன் மாஸ்டர் சொல்லித் தந்ததைவிட, சனிக்கிழமை காலை நான் காரில் கொண்டுபோய் விடுகிற அந்த இருபது நிமிடம்தான் அவளுக்குப் பிடிக்குமாம். நான் வாயே திறக்காமல் இளையராஜா போடுவேன், அவள் நித்திரை கொள்வாள். மணிக்கு 40 பவுண் கொடுத்து நான் வாங்கியது அந்த நித்திரையைத்தானோ என்று யோசிக்கிறேன்.

ஜாம் போத்தல் கதையை மட்டும் நான் விடமாட்டேன்.


கறிவேப்பிலை
20 நவம்பர் 2025, இரவு 8:44

பலர் தனிச்செய்தியில் கேட்டதால் எழுதுகிறேன். வியாழன் மூன்றாம் பீரியட் மூன்று வாரமாகப் போகிறான். புதன் பந்தும் உண்டு, போன வாரம் கணுக்கால் சுளுக்கோடு வந்தான். காலி மணி நேரங்களில் இரண்டை லைப்ரரியில் வைத்திருக்கிறான், மிச்சம் கேன்டீன்தான். வெள்ளிக்கிழமை 12 மணிக்கு வந்து தூங்குகிறான், நான் எழுப்புவதில்லை. மேத்ஸில் சி. அதற்கு இன்னும் நான் முழுதாகப் பழகவில்லை.

நேற்று கெமிஸ்ட்ரி இரண்டாம் டெஸ்ட். இன்று ஆப்பில் அறிவிப்பு வந்தது, நான் திறக்கவில்லை. சாயங்காலம் அவனே வந்து பிரிட்ஜைத் திறந்துகொண்டே, "மோல்ல ஒரு மார்க்தான் போச்சு. பாண்டிங்ல நிறையப் போச்சு, வடிவம் வரையறதுல" என்றான். மொத்தம் எவ்வளவு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ராத்திரி ஆப்பைத் திறந்து பார்த்தேன், அதுவும் உண்மை. 60க்கு 37.


சோதனைக்குழாய்
21 நவம்பர் 2025, காலை 6:49

மூலக்கூறின் வடிவம் தாளில் வராது. உருளைக்கிழங்கும் பல்குத்தும் குச்சியும் கொடுங்கள். மீத்தேன், அம்மோனியா, தண்ணீர், இந்த மூன்றையும் செய்து பார்த்தால் மற்றவை தானாக வரும். கிழங்கைப் பிறகு பொரியல் செய்துகொள்ளலாம்.


ஒற்றைத்தேநீர்
21 நவம்பர் 2025, காலை 8:15

எங்கள் வீட்டில் ரீசிட் முடிந்தது, ரிசல்ட் ஜனவரியில். பின்னம் இப்போது எனக்கும் தெரியும்.


ரயில்நேரம்
21 நவம்பர் 2025, மதியம் 12:20

எல்லாம் சரி. அந்த சைல்ட் பெனிஃபிட் என்னாச்சு?


கறிவேப்பிலை
21 நவம்பர் 2025, மதியம் 12:41

வந்துவிட்டது. அதில்தான் உருளைக்கிழங்கு வாங்கப் போகிறேன்.